மூணு சுழி அடைபடாமல் இருக்க

ரெண்டு சுழி ‘ன’, மூணு சுழி ‘ண’ என்று சொல்லித்தான் நம் பிள்ளைகள் எழுத்தைப் பிரித்தறிகிறார்கள். எழுத்தின் உறுப்பே எழுத்துக்குப் பெயராகிவிட்டது. ‘கா’வில் துணைக்கால், ‘கி’யில் மேல்விலங்கு, ‘கெ’யில் ஒற்றைக்கொம்பு, ‘கே’யில் இரட்டைக்கொம்பு, ‘கை’யில் இணைக்கொம்பு. ஆங்கில எழுத்துக்கும் காது, தோள், முதுகுத்தண்டு எல்லாம் உண்டு. ஆனால் அவை அச்சுத்தொழிலாளர் வட்டத்துப் பெயர்கள். நம்முடையவை ஒன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன.

இந்த உறுப்புகள் ஏன் இப்படி வளைகின்றன? காரைக்குடிப் பக்கம் தேன்குழல் பிழிவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். மாவு எவ்வளவு தடிமனாக இறங்க வேண்டும் என்பதை அச்சின் துளை தீர்மானித்துவிடும்; கைக்கு மிச்சம் இருப்பது சுற்றும் வேலைதான். ஓலையில் எழுத்தாணி கீறும் கோடும் அப்படித்தான், எங்கும் ஒரே தடிமன். அகலமுனைப் பேனாவால் வளர்ந்த ரோமன் எழுத்தில் கோடு தடித்தும் மெலிந்தும் வரும். நமக்கு வேற்றுமை காட்டும் பொறுப்பு முழுவதும் வளைவின் மேல் விழுந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். குறிலைக் காட்டும் புள்ளியும் இல்லாததால் ‘கெ’, ‘கே’ இரண்டும் ஒரே கொம்போடு ஒன்றுபோல் நின்றன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குக் கொம்பின் தலையில் ஒரு சுழி கூட்டினார்.

தேன்குழலில் சிக்கல் எண்ணெயில் இருக்கிறது. உள்ளே விழுந்ததும் மாவு உப்பும். சுற்றுக்குச் சுற்று இடம் விடாமல் பிழிந்தால் ஒட்டிக்கொள்ளும், நடுவில் வேகாது. தாளில் மையும் இதே போலப் பரவும். சிறிய எழுத்தில் ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டு, மூணு சுழி கறுப்புத் திட்டாகிவிடும். அதனால் சுழியைத் திறந்து வரைய வேண்டும். திறந்தால் எழுத்து அகலும், வரி நீளும். தமிழ் எழுத்துரு வரைகிறவரின் ஓயாத இழுபறி இதுதான். எழுத்துரு வடிவமைப்பாளர் மாத்யூ கார்ட்டர் 1978இல் அமெரிக்கத் தொலைபேசிப் புத்தகங்களுக்காக வரைந்த பெல் சென்டென்னியல் எழுத்தில், கோடுகள் கூடும் மூலைகளில் சிறு வெட்டுகள் விட்டார். மை பரவி அந்த வெட்டை நிரப்பும்போது எழுத்து சரியாக வரும். உப்பும் என்று தெரிந்தே இடம் விட்ட கை அது.

அதே 1978இல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ‘லை’, ‘ணை’, ‘றா’ முதலிய 13 எழுத்துகள் தனி உருவத்தை விட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே இணைக்கொம்பும் துணைக்காலும் எடுத்துக்கொண்டன. பழைய உருவங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகலாம். காரைக்குடியை அடுத்த கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். எழுத்து வரைந்து பிழைத்தவரின் கைதான் அத்தனை பழம்புத்தகங்களையும் சேர்த்தது என்பதில் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

கடைப்பலகைக்கோ கல்யாணப் பத்திரிகைக்கோ எழுத்துரு தேர்ந்தெடுக்கிறீர்களா? ‘மண்ணெண்ணெய்’, ‘தாராளம்’ என்ற இரண்டு சொற்களையும் சிறிய அளவில் அச்சிட்டுப் பாருங்கள். முதலாவதில் சுழியை எண்ண முடிய வேண்டும். இரண்டாவதில் ‘ர’வின் அடியில் இடப்பக்கம் இறங்கும் சாய்கீற்று தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ‘ர’ எது, கால் எது என்று குழம்பும். சரியில்லை என்றால் வடிவமைப்பாளரிடம் “நல்லா இல்லை” என்று நிறுத்திவிடாதீர்கள். “சுழி அடைபடுகிறது, கீற்றை நீட்டுங்கள்” என்று உறுப்பின் பெயர் சொல்லிக் கேளுங்கள்.