படிப்பு உண்டு, பிரஜா உரிமை இல்லை

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் மார்க்கத்தில், ஆந்திர எல்லையை நெருங்கும்போது கும்மிடிப்பூண்டி வருகிறது. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் தூரத்திலிருந்தே தெரியும். அவற்றுக்குச் சமீபத்தில், பெத்திக்குப்பத்தில், இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. நமது ராஜ்யத்திலுள்ள பெரிய முகாம்களில் அதுவும் ஒன்று. புழல் காவாங்கரையில் இன்னொன்று உண்டு. காலை வேளையில் பெத்திக்குப்பம் முகாமின் வாசலில் நிற்பவர் இரண்டு கூட்டங்களைக் காணலாம். சீருடை அணிந்து, புத்தகப் பையுடன் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஒரு கூட்டம். வர்ணம் காய்ந்து கெட்டியான சட்டையுடன், கையில் பிரஷ்ஷும் சாப்பாட்டுத் தூக்கும் ஏந்திக் கூலி வேலைக்குப் போகும் ஆடவர்கள் மற்றொரு கூட்டம்.

இவ்விரு கூட்டங்களையும் பார்த்து நின்ற நாம், அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம், "பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைக்கிறீர்கள் போலிருக்கிறதே" என்று சொன்னோம். "படிப்பிச்சாலும் பெயிண்ட்தான், படிப்பிக்காட்டிலும் பெயிண்ட்தான், ஐயா" என்றார் அவர். அவருடைய மூத்த மகன் பட்டதாரி. தகப்பனாருடன் அதே ஏணியில் நின்று அதே சுவருக்குச் சாயம் அடிக்கிறான். இளையவன் பிளஸ் டூவில் இருக்கிறான். மேலே படிப்பதில் பிரயோஜனம் என்ன என்று அண்ணனைக் காட்டிக் கேட்கிறானாம். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தகப்பனாருக்குத் தெரியவில்லை. நமக்கும் உடனே சொல்லத் தோன்றவில்லை.

அகதிப் பிள்ளைகளின் கல்வி என்றால் கொட்டகை, கரும்பலகை, இலவசப் புத்தகம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அந்த அளவில் தமிழ்நாடு தலைகுனிய வேண்டியதில்லை. உலகெங்கும் அகதிகளின் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தையே காண்பதில்லை என்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனம் வருஷந்தோறும் சொல்லி வருகிறது. இங்கே நிலைமை அப்படியன்று. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ராமேசுவரத்தில் படகிறங்கியவர்களின் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி தேடவேண்டி வரவில்லை. நமது சர்க்கார் பள்ளிகளில், உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தார்கள். மத்தியான உணவும் ஒன்றுதான். பாஷையும் ஒன்றே என்பது எவ்வளவு பெரிய அனுகூலம் என்பதை, அந்நிய பாஷையில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க நேர்ந்த அகதிகளைக் கேட்டால் தெரியும். ஆனாலும், அங்கே சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன் இங்கே வந்து எஸ்.எஸ்.எல்.சி. என்றால் என்ன என்று விசாரிக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை நிரப்புவதில், 1984-இல் சந்திரஹாசன் அவர்கள் ஆரம்பித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் செய்த பணி பெரிது. முகாம்களில் மாலை வகுப்பு நடத்தியவர்களில் பலர் தாமே அகதிகள். எம்.ஜி.ஆர். சர்க்கார் தொழிற்கல்லூரிகளிலும் இவர்களுக்குச் சில இடங்களை ஒதுக்கியது.

இதைத் தருமம் என்று சொல்லிக்கொள்வதை நாம் ஒப்பவில்லை. இது கடன் தீர்த்தல். 1857-இல் ஸ்தாபிதமான சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் யார்? சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்தார். தாமோதரம் பிள்ளை இந்த மண்ணிலேயே உத்தியோகம் பார்த்தார். பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்த ஆறுமுக நாவலர், 1864-இல் கடல் கடந்து வந்து சிதம்பரத்தில் நமது பிள்ளைகளுக்கு ஒரு வித்தியாசாலை வைத்தார். அவரிடம் யாரும் பிரஜா உரிமைப் பத்திரம் கேட்டதாகத் தெரியவில்லை. அத்தகைய ஜனங்களின் சந்ததியார்தான் 1970-களின் ஆரம்பத்தில் தரப்படுத்தல் என்னும் ஏற்பாட்டினால் தங்கள் நாட்டுச் சர்வகலாசாலையின் வாசலில் தடுக்கப்பட்டார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களுடன் எரிந்ததைக் கண்டார்கள். கல்வியை இழந்ததும் அவர்கள் இங்கே ஓடிவந்த காரணங்களில் ஒன்று.

அப்படி வந்தவர்களுக்கு நாம் ஒருமுறை அநியாயம் செய்ததையும் மறைக்க வேண்டாம். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டார். அந்தப் பாதகத்தை நாடே வெறுத்தது. முகாம்களில் இருந்தவர்களும் வெறுத்தார்கள். ஆனால் தண்டனை யாருக்குக் கிடைத்தது? கல்லூரிகளில் இருந்த ஒதுக்கீடு ரத்தாயிற்று. பள்ளிகளில் சேர்ப்பதும் தடைப்பட்டது. தொண்டர்கள் முகாமுக்குள் புகுவதும் தடுக்கப்பட்டது. எட்டு வயதுச் சிறுமியின் சிலேட்டைப் பிடுங்குவதால் எந்தச் சதி முறியும்? நாளடைவில் பள்ளிக் கதவு மறுபடி திறந்தது; கல்லூரிக் கதவும் மெள்ளத் திறந்தது. எனினும் அந்த இடைக்காலத்தில் படிப்பை விட்டவர்கள் திரும்பி வரவில்லை. இன்று சுவருக்குச் சாயம் அடிக்கும் நடுவயதினரில் அவர்களும் இருக்கிறார்கள்.

இன்று சட்டம் பள்ளிக்கூடத்தின் பக்கம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 21-ஏ பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. "குழந்தைகள்" என்றுதான் சொல்கிறது. "பிரஜைகள்" என்று சொல்லவில்லை. 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் அப்படியே. 1951-ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் நமது தேசம் கையெழுத்திடவில்லை என்பது மெய். அதனால் இந்தப் பிரிவின் பலம் குன்றிவிடாது. ராஜ்ய சர்க்காரும் 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதுடன், என்ஜினீயரிங் படிப்பில் சேரும் மாணவர்களில் மார்க்கு வரிசையில் முதல் ஐம்பது பேருக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் தருவதாகச் சொல்லிற்று. அகதி முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறிற்று. இவற்றையெல்லாம் நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், படித்து முடித்த மறுநாள் என்ன நடக்கிறது? சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கு மனுப் போட்டால் பிரஜா உரிமை கேட்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் வேண்டும், அது கிடையாது. தனியார் கம்பெனியிலும், முகாம் விலாசத்தைப் பார்த்ததும் மானேஜரின் முகம் மாறுகிறது. நமது தொழிலையே எடுத்துக்கொள்வோம். முகாமில் பிறந்த ஒரு பெண் சட்டக் கல்லூரியில் முதலாவதாகத் தேறினாலும், 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்கிறது. விதிவிலக்கு இல்லாமலில்லை, நமது நாட்டாருக்கு வக்கீல் தொழிலை அனுமதிக்கும் தேசத்தின் பிரஜைக்கு அது உண்டு. ஆனால் இந்தப் பெண் எந்தத் தேசத்தின் பிரஜை? கறுப்பு அங்கி தைத்துக்கொள்ளலாம். அதைப் போட்டுக்கொண்டு கோர்ட்டில் நிற்க முடியாது. சிப்காட்டில் இரும்பாலையும் ரசாயன ஆலையும் இருந்தென்ன? காண்டிராக்டரின் தினக்கூலிப் பட்டியலுக்குப் படிப்பு வேண்டியதில்லை. ஆகவே, பையன்கள் பதினாறு வயதில் ஏணியில் ஏறிவிடுகிறார்கள். இதைச் சோம்பல் என்று சொல்லும் அதிகாரிகள் உண்டு. நாம் இதைக் கணக்கு என்போம். பையன்கள் நன்றாகத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

ஆபத்துக் காலத்தில் வந்தவர்களுக்கு இந்தத் தேசம் எப்போதும் இப்படியா நடந்துகொண்டது? பிரிவினையின்போது பஞ்சாபிலிருந்து வந்த மாணவர்களுக்காக டில்லியில் 'காம்ப் காலேஜ்' என்றே ஒன்று திறந்தார்கள். பகலில் பிழைப்புத் தேடியவர்கள் மாலையில் படித்தார்கள். அவர்கள் பட்டம் பெற்று வெளிவந்தபோது, உத்தியோகத்தின் கதவு திறந்திருந்தது. திபெத்திய அகதிகளுக்காக 1961-இல் மத்திய சர்க்காரே தனிப் பள்ளி நிர்வாகம் ஏற்படுத்திற்று. அவர்களுக்குச் செய்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. அதே கை தெற்கே நீளவில்லையே என்பதுதான் நமது வருத்தம். 2019-இல் பிரஜா உரிமைச் சட்டத்தைத் திருத்தி அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்தவர்களுக்கு வழி செய்தபோது, அந்த மூன்றில் இலங்கை சேரவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவின் மூலம், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்ல காரியம். ஆனால் சிறைக்குப் போகவேண்டியதில்லை என்பது வேறு. உத்தியோகத்துக்குப் போகலாம் என்பது வேறு.

"என்றாவது திரும்பிப் போகப்போகிறவர்கள்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. போக விரும்புகிறவர்கள் போகட்டும்; அவர்களுக்கும் பிறப்புப் பத்திரமும் படிப்புப் பத்திரமும் செல்லுபடியாகும்படி சீராக இருக்க வேண்டும். ஆனால் யுத்தம் முடிந்தது 2009-இல். அதற்குப் பின்னும் முகாம்கள் காலியாகவில்லை. 2021-இல் சட்டசபையில் சொன்ன கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு இலங்கை என்பது தாத்தா சொல்லும் கதை. 2022 மார்ச்சில் அந்தத் தீவில் காகிதம் வாங்கப் பணமின்றி மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சைகளையே தள்ளி வைத்தார்கள். அதே மாதம் தனுஷ்கோடிக்குப் புதிய படகுகள் வந்தன. படகு இன்னும் எந்தத் திசையில் வருகிறது என்பதைக் கேள்வி கேட்பவர்கள் கவனிக்க வேண்டும்.

மத்திய சர்க்கார் செய்யவேண்டியது தெளிவு: இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணின் பள்ளியில் படித்தவர்களுக்குப் பிரஜா உரிமை தரச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை ராஜ்ய சர்க்கார் தன் ஆதீனத்திலுள்ள ஒப்பந்த வேலைகளிலாவது முகாம் பட்டதாரிகளை எடுத்துக்கொள்ளலாம். சிப்காட் ஆலைகளில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம்.

திருத்தம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பினாலேயே இந்தியப் பிரஜை. 1983-க்கும் 1987-க்கும் இடையில் தமிழ்நாட்டில் பிறந்த முகாம்வாசிகள் பலருக்கு இது தெரியவே தெரியாது. அவர்கள் பிரஜைகள் என்று நிலைநாட்டப்பட்டால், 2004 டிசம்பர் 3-க்கு முன் இங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் பிரஜைகளே. அதற்குப் பின் பிறந்தவர்கள் விஷயத்தில், பெற்றோரில் மற்றவரின் நிலைமையைப் பொறுத்து வாதம் இருக்கிறது. வாதாடத்தான் நாம் இருக்கிறோம். பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் தொழில் நடத்தும் வக்கீல் நண்பர்களில் பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெத்திக்குப்பத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரிப் பதிவையும் பிறப்புப் பதிவையும் தேடி எடுத்து மனு எழுதித் தர முன்வருவார்களா? வருபவர்கள் நமது காரியாலயத்துக்கு எழுதலாம். முதல் மேஜையில் நாம் உட்காருகிறோம்.