இருதயம் திடீரென நிற்பது ஏன்?

மானுட உடலின்கண் அமைந்த உறுப்புக்களுள் ஓய்வென்பதே அறியாது உழைப்பது இருதயம். நாளொன்றிற்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடித்துக் குருதியை உடலெங்குஞ் செலுத்தும் இவ்வுறுப்பு, சிற்சில வேளைகளில் யாதொரு முன்னறிவிப்புமின்றித் தன் தொழிலை நிறுத்திவிடுகின்றது. அதனையே இருதய நிறுத்தம் என்பர். அதன் காரணங்களையும் விளைவுகளையும், வைத்தியர் வருமுன் அயலில் நிற்போர் செய்யத்தக்கதையும் ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

மாரடைப்பும் இருதய நிறுத்தமும் ஒன்றெனக் கருதுவோர் பலர். அவை வெவ்வேறானவை. தோட்டத்துக்கு நீர் பாயும் வாய்க்கால் அடைபடுவது ஒன்று. நீரிறைக்கும் இயந்திரமே நின்றுவிடுவது பிறிதொன்று. இருதயத் தசைக்குக் குருதியூட்டும் முடியுருநாடி அடைபடுவது மாரடைப்பு. அந்நோயாளர் பெரும்பாலும் உணர்வோடிருந்து நெஞ்சு நோவைச் சொல்லுவர். இருதய நிறுத்தத்திலோ, வீழ்ந்தவர் அழைத்தாலும் விடை கூறார். இயல்பாக மூச்சு விடவும் மாட்டார்.

இருதயத்தின் துடிப்பை ஆள்வது மின்கணத்தாக்கமாகும். வலது சோணையறையின் மேற்புறத்துள்ள சிறு கணுவொன்றில் அது தோன்றி ஒழுங்காகப் பரவுகின்றது. அவ்வொழுங்கு குலையுமாயின் இதயவறைகள் சுருங்கி விரிதலை விட்டு வீணே நடுங்கும். குருதி ஒரு துளியேனும் முன்செல்லாது. முப்பத்தைந்து வயதைக் கடந்தோரில் இதற்குத் தலையாய காரணம் முடியுருநாடி நோயே. ஆதலின் புகைத்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம் என்பன யாவும் இதற்கும் வழிகோலுவனவாம். இளைஞரிடத்துப் பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பும் மின்னொழுங்குக் குறைபாடும் காரணமாதல் உண்டு. குருதியிற் பொற்றாசியம் மிகுதலும் குறைதலும், மின்சாரந் தாக்குதலும், நீரில் மூழ்குதலும் ஏனைய காரணங்களாம். வன்பந்து நெஞ்சில் ஒரு குறித்த கணத்திற் படுதலும் அரிதாக இதனை விளைவிக்கும். விளையாட்டின்போது காரணமின்றி மயங்கிய மாணவனையும், இளவயதிற் சடுதியாக இறந்தோரையுடைய குடும்பத்தினரையும் வைத்தியரிடங் காட்டுதல் இன்றியமையாதது.

இனி விளைவுகளைக் காண்போம். குருதியோட்டம் நின்ற சில வினாடிகளில் உணர்வு அழியும். நான்கைந்து நிமிடங்களுள் ஒட்சிசனின்றி மூளை பழுதுறத் தொடங்கும். யாதும் செய்யப்படாது கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைத்துவிடும். காலந்தாழ்த்துப் பிழைத்தோர் சிலர் நினைவாற்றலும் பேச்சும் தளர்ந்து பிறர் துணையில் வாழ நேர்கின்றது.

உதைபந்தாட்ட உலகு கண்ட இரு நிகழ்ச்சிகள் ஈண்டு நினைக்கத்தக்கன. 2003 யூன் 26 இல், பிரான்சின் லியோன் நகரில், கமெரூன் நாட்டு வீரர் மார்க் விவியன் ஃபோயே தம் 28 ஆவது வயதில் ஆடுகளத்தில் வீழ்ந்து உயிர்நீத்தார். அவர்தம் இதயத் தசை பிறழ்வாகத் தடித்திருந்தமை பின்னரே தெரியவந்தது. 2021 யூன் 12 இல் கோபன்ஹேகனில் டென்மார்க்கின் கிறிஸ்தியன் எரிக்சன் அவ்வாறே வீழ்ந்தார். மருத்துவர் விரைந்து அவரது மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சியும் கொடுத்தனர். களத்தைவிட்டு அகலுமுன்னரே அவர் உணர்வு பெற்றார். இருதயத்தைக் காவல்செய்யும் சிறு கருவியொன்று உடலினுட் பொருத்தப்பெற்று, 2022 இல் மீண்டும் களமிறங்கிய அவர், 2024 ஐரோப்பியக் கிண்ணப் போட்டியிலும் தம் நாட்டுக்காகக் கோல் புகுத்தினார்.

மார்பைத் திறவாது வெளியிலிருந்து அழுத்தியே குருதியோட்டத்தைப் பேணலாம் என்பதை 1960 இல் அமெரிக்காவின் யோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவர்கள் வெளிப்படுத்தினர். அதற்குக் கருவி வேண்டா. இரு கைகள் போதும். ஒருவர் வீழ்ந்து, விடையின்றி, இயல்பான மூச்சுமின்றிக் கிடப்பாராயின், 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவித்து இலவச நோயாளர் காவுவண்டியை அழைத்தல் வேண்டும். இடையிடையே வாய் திறந்து மூச்சிழுப்பதை உயிர்ப்பென மயங்கலாகாது. உடனே அவரைச் சமதரையில் மல்லாத்தி, மார்பின் நடுவே உள்ளங்கைகளை ஒன்றன்மேலொன்றாக வைத்து, 5 முதல் 6 சதமமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துக. ஒருவர் களைப்பின் மற்றவர் தொடர்க. நீரில் மூழ்கினோர்க்கும் சிறுவர்க்கும் மூச்சூட்டலும் வேண்டும். தன்னியக்க மின்னதிர்ச்சிக் கருவி கிடைப்பின் அதன் குரல் கூறுமாறு செய்க. தேவையின்றி அது அதிர்ச்சி கொடாது.

முகத்தில் நீர் தெளித்தல், கையில் இரும்பு கொடுத்தல், தூக்கியிருத்திச் சோடா பருக்குதல் என்பன நம்மிடையே காணும் வழக்கங்கள். இவற்றாற் பொன்னான நிமிடங்கள் வீணாகின்றன. விலாவெலும்பு முறியுமோவென அஞ்சுவோரும் உளர். முறிந்த எலும்பு பொருந்தும். நின்ற இருதயம் தானாக மீளாது.

நம் கல்லூரி மைதானத்தில் இளஞ்சிறாரும் ஓடுகின்றனர். விழாக்காலத்தில் ஐம்பதைக் கடந்த பழைய மாணவரும் இளமையை எண்ணி ஓடுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இவ்விடர் உண்டு. ஆதலின் மேல்வகுப்பு மாணாக்கர், ஆசிரியர், ஊழியர் யாவரும் இப்பயிற்சியை ஆண்டுதோறும் பெறுதலும், மைதானத்தருகே மேற்கூறிய கருவியொன்றை வைத்தலும் நாம் எடுக்கும் விழாவுக்கு ஏற்ற பணிகளாம். கட்டடங்களும் நினைவுக் கற்களும் கல்லூரியின் பெருமையைக் கூறும். ஆபத்து வேளையில் அஞ்சாது முழந்தாளிட்டு ஓருயிரைக் காக்கும் மாணவன் அதனினும் தெளிவாக அதனைக் கூறுவான்.