தூங்கி எழுந்த லேப்டாப்பில் வைஃபை காணோமா? பதறாதீங்க, வரிசையா பாருங்க!

ஆவடியில் வீட்டில் இருந்தபடியே இ-சேவை இணையதளத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். ஆதார் ஏற்றியாச்சு, ரேஷன் கார்டு ஏற்றியாச்சு. நடுவில் வாசலில் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. லேப்டாப் மூடியை அப்படியே சாத்திவிட்டுக் குடத்தோடு ஓடுகிறீர்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் திரையின் வலது கீழ் மூலையில் வைஃபை அடையாளம் இல்லை. அந்த இடத்தில் ஒரு பூகோள உருண்டையும் தடைக்குறியும் நிற்கின்றன. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால் 'வைஃபை' என்ற வரியே காணோம். ஆனால் கையில் இருக்கும் போனில் அதே வைஃபை ஜோராக ஓடுகிறது.

சாதாரண நாளில் இது ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி விருப்பங்களைப் பதிவு செய்யும் கடைசி நாளிலோ, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் முடியும் இரவிலோ நடந்தால் கதையே வேறு. பதற்றத்தில் பலர் உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "போர்டு போயிடுச்சு", "ஃபார்மட் பண்ணணும்" என்று கேட்டுவிட்டுப் பணத்தையும் சேமித்த கோப்புகளையும் இழக்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது. நெட்வொர்க் அடாப்டர் கெட்டுப்போகவில்லை, தூக்கத்திலிருந்து எழவில்லை, அவ்வளவுதான். வரிசையாகச் சில வேலைகளைச் செய்தாலே அதை எழுப்பிவிடலாம்.

முதலில் வேலையை முடிங்க, ரிப்பேர் அப்புறம்

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் லேப்டாப்பை நோண்டிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். உங்கள் போனே இப்போதைக்கு மோடம். ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். லேப்டாப்பின் வைஃபை அட்டைக்கு இங்கே வேலையே இல்லை. கேபிள் வழியாக வரும் போனையே ஒரு புது நெட்வொர்க் அடாப்டராக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். கேபிள் மட்டும் டேட்டாவும் கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் இது நடக்காது. ஐபோன் என்றால் லேப்டாப்பில் ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருள் ஏற்கெனவே இருந்தால்தான் வரும்.

இன்னொரு எச்சரிக்கை. மின்கட்டணமோ விண்ணப்பக் கட்டணமோ செலுத்தும்போது இணைப்பு அறுந்திருந்தால், உடனே மறுபடி பணம் கட்டாதீர்கள். வங்கி எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா, இணையதளத்தில் பரிவர்த்தனை நிலை என்ன என்று பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

'நெட் இல்லை' வேறு, 'அடாப்டர் இல்லை' வேறு

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் பாதித் தீர்வு இருக்கிறது.

வைஃபை பெயர்களின் பட்டியல் வருகிறது, உங்கள் வீட்டு வைஃபையில் இணைகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் அது ரவுட்டர் அல்லது இணைப்பு தருபவரின் பிரச்சினை. கரண்ட் போய் வந்த பிறகு ரவுட்டர் முழுசாக எழ இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். போனிலும் அதே வைஃபையில் நெட் வரவில்லை என்றால் லேப்டாப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

வைஃபை வரி இருக்கிறது, ஆனால் அணைந்திருக்கிறது என்றால் ஏரோப்ளேன் மோடு ஆன் ஆகியிருக்கலாம். சில லேப்டாப்களில் விசைப்பலகையின் மேல் வரிசையில் இதற்கென்று ஒரு பட்டன் உண்டு. தெரியாமல் கை பட்டிருக்கும்.

வைஃபை வரியே இல்லை, சுற்றியுள்ள வைஃபை பெயர்களும் இல்லை என்றால்தான் அடாப்டர் காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எங்கே போகிறது அது?

ஸ்லீப் மோடு என்பது கம்ப்யூட்டரின் குட்டித் தூக்கம். நீங்கள் திறந்து வைத்த வேலையை ரேம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, திரை, டிஸ்க், வைஃபை அட்டை போன்றவற்றுக்கு மின்சாரத்தைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். எந்தப் பாகம் எப்போது தூங்க வேண்டும், எப்படி எழ வேண்டும் என்பதற்கான பொது விதிமுறையை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா நிறுவனங்கள் 1996-ல் வெளியிட்டன. இன்றைய கம்ப்யூட்டர்களும் அந்த வழியில் வந்தவைதான்.

மூடியைத் திறந்ததும் விண்டோஸ் ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லி எழுப்புகிறது. வைஃபை அட்டை பதில் சொல்லத் தாமதித்தாலோ, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளில் குறை இருந்தாலோ, "அப்படி ஒரு பாகமே இல்லை" என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும். அட்டை உள்ளேயேதான் இருக்கும். ஆனால் பட்டியலில் அதன் பெயர் இருக்காது.

எழுப்பும் வரிசை

சுலபமானதில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். எந்தப் படியில் வைஃபை வந்துவிட்டதோ, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

1. ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஷட் டவுன் வேண்டாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணையாது. தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, ஆன் செய்ததும் அதையே மீட்டெடுக்கும். பழைய கோளாறும் கூடவே எழுந்து வரலாம். "நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், வரல" என்பதற்குக் காரணம் இதுதான். ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

2. மின்சாரத்தை முழுசா வடியவிடுங்க. ரீஸ்டார்ட்டிலும் வரவில்லையா? ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அது முழு அணைப்பு. பிறகு சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி தனியாக வெளியே வரும் பழைய மாடல் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனைச் சுமார் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்யுங்கள். டெஸ்க்டாப் என்றால் சுவர் சுவிட்சையே அணைக்க வேண்டும். அணைத்த டெஸ்க்டாப்பின் பின்புறம் லேன் விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அணைத்த பிறகும் அந்த அட்டைக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது.

3. டிவைஸ் மேனேஜரில் தேடுங்க. விண்டோஸ் விசையையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் 'டிவைஸ் மேனேஜர்' இருக்கும். அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள்.
வைஃபை அட்டையின் பெயர் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள்.
மஞ்சள் முக்கோணம் இருந்தால் வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். டிரைவரையும் நீக்கவா என்று கேட்டால் அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டாம். ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸே மறுபடி நிறுவிக்கொள்ளும்.
பெயரே இல்லை என்றால் மேலே 'ஆக்ஷன்' மெனுவில் 'ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்' கொடுங்கள்.

4. டிரைவரைப் புதுப்பிங்க. லேப்டாப்பின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரைப் போனிலேயே டவுன்லோடு செய்து, கேபிள் வழியாக லேப்டாப்புக்கு மாற்றி நிறுவலாம். சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்சினை தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்த அட்டையின் 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக்' கொடுத்துப் பழைய டிரைவருக்கே திரும்பலாம்.

5. கடைசியாக நெட்வொர்க் ரீசெட். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் இது இருக்கும். சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டும் அழிந்துவிடும் என்பதால், வீட்டுப் பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மறுபடி மறுபடி வருதா?

ஒருமுறை வந்து போனால் விட்டுவிடலாம். ஒவ்வொரு தூக்கத்துக்குப் பிறகும் அடாப்டர் காணாமல் போனால் மின்சேமிப்பு அமைப்புகளை மாற்ற வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில் மின்சாரத்தைச் சேமிக்க இந்தப் பாகத்தை அணைக்கலாம் என்ற வரியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்து, கன்ட்ரோல் பேனலின் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் பவர் பட்டன் அமைப்புகளுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகச் சில விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

புதிய லேப்டாப்கள் பலவற்றில் அந்த 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியே இருக்காது. அவற்றின் தூக்கமே வேறு வகை, போன் போல அரைத் தூக்கம். அங்கே டிரைவரைப் புதுப்பிப்பதுதான் சரியான வழி. முக்கியமான விண்ணப்ப நாளில் மட்டும், சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஸ்லீப் ஆகாதபடி 'நெவர்' என்று வைத்துவிட்டு வேலை பாருங்கள். மூடியையும் சாத்தாதீர்கள்.

அரசு லேப்டாப்பில் ஒரு சுலபச் சோதனை

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. அன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. அம்பத்தூர் பின்னர் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. அந்தத் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருக்கும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அது கைகொடுக்கும். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, தொடக்கத்தில் வரும் பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வைஃபை பெயர்கள் வந்தால் அட்டை நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸ் பக்கம். கடைக்குக் கொண்டுபோக வேண்டாம், மேலே சொன்ன படிகளே போதும். இரண்டிலும் வரவில்லை என்றால் அட்டையைச் சந்தேகப்படலாம்.

லினக்ஸ் இல்லாதவர்கள் ப்ளூடூத்தைப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே அட்டையில்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து காணாமல் போய், மேலே சொன்ன எந்தப் படியிலும் திரும்பவில்லை என்றால், அட்டை கழன்றிருக்கலாம் அல்லது பழுதாகியிருக்கலாம்.

கடைக்குப் போகும்போது

வாரன்டி இருந்தால் நிறுவனத்தின் சேவை மையத்துக்கே போங்கள். வெளியே பிரித்தால் வாரன்டியில் சிக்கல் வரலாம். வாரன்டி முடிந்திருந்தால், "வைஃபை அட்டையைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்க" என்று குறிப்பாகக் கேளுங்கள். பல மாடல்களில் அது தனியாகக் கழற்றக்கூடிய சிறிய அட்டை. அட்டையே போயிருந்தாலும் அதை மட்டும் மாற்றலாம், அல்லது யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றைச் செருகிச் சமாளிக்கலாம். இதற்காக ஃபார்மட் செய்ய வேண்டும் என்று சொன்னால், முதலில் உங்கள் சான்றிதழ்களையும் போட்டோக்களையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பிறகு சம்மதியுங்கள்.

ஏமாறாதீங்க

"வைஃபை டிரைவர்" என்று தேடினால் முதலில் வருவதெல்லாம் நிறுவனத்தின் பக்கம் ஆகாது. ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் சரிசெய்வதாகச் சொல்லும் மென்பொருள்களைத் தவிருங்கள். கஸ்டமர் கேர் என்று சொல்லி யாராவது போனில் பேசி, உங்கள் திரையைப் பார்க்க ஒரு ஆப் போடச் சொன்னால் உடனே இணைப்பைத் துண்டியுங்கள். ஓடிபி எவருக்கும் வேண்டாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இன்றே செய்து வைக்க மூன்று வேலை

லேப்டாப் மாடல் எண்ணைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த மாடலுக்கான வைஃபை டிரைவரை இப்போதே டவுன்லோடு செய்து லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். டேட்டா கடத்தும் யுஎஸ்பி கேபிள் ஒன்றை மேசை டிராயரில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் வரவில்லை, நாளையே கடைசி நாள் என்றால் லேப்டாப்பை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆவணங்களை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். அடாப்டரை நாளை மறுநாள் எழுப்பிக்கொள்ளலாம்.