லூயிஸின் விண்வெளிக் கதையும் வாசகர் உணராத வீழ்ச்சியும்

தாம் விரும்பும் கதைகளை எவரும் எழுதாமையால், ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர்களான சி. எஸ். லூயிஸும் டால்கீனும் தாமே எழுதத் துணிந்தனர். விண்வெளிப் பயணம் லூயிஸின் பங்காயிற்று. அவரது கையெழுத்துப்படியை டென்ட் பதிப்பகம் மறுத்தது. டால்கீன் தமது பதிப்பாளர் அன்வினுக்குப் பரிந்துரைத்து எழுதினார். 1938இல் பாட்லி ஹெட் பதிப்பகம் அதனை 'அவுட் ஆஃப் த சைலன்ட் பிளானட்' என வெளியிட்டது.

அக்கதையில், தன்னை ஆளும் தூதன் கெட்டுப்போனமையால் பூமி பிற கோள்களோடு உறவற்று மௌனமாயிற்று. இது சாத்தானின் வீழ்ச்சியே என்பதை ஏறத்தாழ 60 மதிப்புரைகளுள் இரண்டே உணர்ந்தன என்று, 1939இல் ஆங்கிலிக்கன் கன்னிகாஸ்திரீ ஒருவருக்கு லூயிஸ் எழுதினார். வாசகர் அறியாமலே இறையியலைக் கதைக்குள் வைத்துக் கடத்திவிடலாம் என்பதே அவர் கண்ட வாய்ப்பு. போதகராகிய நமக்கோ இது கலக்கமும் தருகிறது. அறியாமற் பெற்றதை எவர் அறிக்கையிடுவர்? 1943இல் வந்த 'பெரலாண்ட்ரா'வில் லூயிஸே ஏவாளின் சோதனையை வெள்ளிக் கோளில் அமைத்து, எவரும் அறியும்படி எழுதினார்.