நிலத்தில் விடும் கழிவு நீருக்கும் கணக்கு வேண்டும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, ஏரி வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஏரியைக் காக்கக் கணக்குக் கேட்ட ஊரில், நிலத்தில் விடப்படும் கழிவு நீருக்கும் கணக்குக் கேட்பது பொருத்தமேயாகும்.

கழிவு நீரை மண் வடிகட்டிவிடும் என்பது பொதுவான எண்ணம். அது ஓரளவே உண்மை. மக்கும் பொருள்களை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். கரைந்த உப்பையோ அவற்றால் சிதைக்க இயலாது. அது மண்ணிலேயே தங்கும். அல்லது நீரோடு இறங்கிக் கிணற்றைச் சேரும்.

விஞ்ஞானிகள் நிறைந்த அரசாங்க நிலையமும் இதற்கு விலக்கன்று. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் 1949-ஆம் ஆண்டு அணு உலைச் சோதனை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கிருந்த எரிபொருள் ஆலையின் கழிவு நீர், 1952 முதல் 1984 வரை ஆழ்கிணறு ஒன்றின் வழியே பூமிக்கடியில் செலுத்தப்பட்டது. அதனடியில் இருந்ததோ, உருளைக்கிழங்கு விளையும் பரந்த பிரதேசத்துக்குப் பாசனம் தரும் நிலத்தடி நீர். ட்ரிட்டியம் முதலிய கதிரியக்கப் பொருள்கள் அதிற் கலந்தன. இன்று அந்நிலையம் கழிவு நீரைக் கசிவுக் குட்டைகளில் விடுவதற்கு மாநில அரசின் அனுமதி பெறுகிறது. நீரின் அளவைக் குறித்து, கண்காணிப்புக் கிணறுகளைச் சோதித்து, ஆண்டுதோறும் அறிக்கை தருகிறது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில், ஆறும் கிணறும் மட்டுமன்றி நிலமும் 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றித் தொழிற் கழிவு நீரை நிலத்தில் விடலாகாது. அரசாங்கத் துறை தவறினால் அதன் தலைவரே பொறுப்பாளி. மக்கும் பொருளை அளக்கும் ஆக்சிஜன் தேவை, ஆற்றில் விடும் நீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம். பாசன நிலத்துக்கு 100 மில்லிகிராம். மண்ணின் சிதைக்கும் ஆற்றல் கருதியே இச்சலுகை. உப்புக்கு மண்ணிடம் அத்தகைய ஆற்றல் இல்லை.

இதைத் திருப்பூர் கண்டது. பாசனத்துக்கென நொய்யலில் 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. அந்நீர் வயலுக்கு ஆகாததாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. முதலில் உழவர் விளைச்சலை இழந்தனர். பின்னர்த் தொழிலாளர் வேலையை இழந்தனர். நெசவாளரும் உழவரும் ஒரே சங்கத்தில் கூடியிருக்கும் நமக்கு இதனினும் பெரிய பாடம் வேண்டுவதில்லை.

பட்டு நூலின் பசை நீக்கச் சோப்பும் சலவைச் சோடாவும் இட்டுக் காய்ச்சுகிறோம். அந்நீரிலுள்ள சோடியம் மிகுமாயின் களிமண் இறுகும், நீர் கீழிறங்காது, வேர் தளரும். ஆகவே, சாயப் பட்டறைகள் தாம் வெளியேற்றும் நீரின் அளவை நாள்தோறும் ஏட்டில் எழுதி வருக. அண்மைக் கிணறுகளின் உப்பளவைக் கோடையிலும் மழைக்குப் பின்னும் சோதிக்கச் சங்கம் ஏற்பாடு செய்க. வாரியத்தின் இசைவு உள்ளதா என அங்கத்தினர் கேட்டறிக. வரவு செலவைப் போலவே நீர்க் கணக்கும் மகாசபையில் படிக்கப்படட்டும். பண வரவில் நேரும் பிழையை அடுத்த ஆண்டில் ஈடுசெய்யலாம். உவர்ப்பேறிய கிணற்றை மீட்கப் பல ஆண்டுகள் போதா.