கப்பல் நிற்கும் நேரத்தில் காலிக் கோட்டை!

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலை இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. ஆகவே, கப்பல் பயணம் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குத் தனி ஆசை. 2023-ம் ஆண்டில் சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் விடப்பட்டபோது, அந்த ஆசை கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது.

உல்லாசக் கப்பல் ஒரே துறைமுகத்தில் பல நாள் நிற்காது. காலையில் இறக்கிவிடும். மாலையில் சங்கு ஊதிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் சுற்றிப் பார்க்க ஏற்ற ஊர் ஒன்று இலங்கையின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. அதன் பெயர் காலி.

பெயர்தான் காலி, ஊர் காலியல்ல! மூன்று பக்கமும் கடல். சுற்றிலும் மதில். மதிலுக்குள் தெருக்கள், வீடுகள், கடைகள், மசூதி, மாதாகோவில் எல்லாம் உண்டு. இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். 1988-ம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வாசலில் "வி.ஓ.சி."

துறைமுகத்துக்கு அருகே உள்ள பழைய வாசலில் நுழைந்து, திரும்பிப் பார்க்க வேண்டும். மேலே கல்லில் "வி.ஓ.சி." என்ற ஆங்கில எழுத்துக்களும் 1669 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன.

நம் வ.உ.சிதம்பரனாரின் பெயர் இங்கே எப்படி வந்தது? அவர் பெயர் அல்ல அது! டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் எழுத்துக்கள். அந்தக் கம்பெனி கடல் வாணிபத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளக் கோட்டை கட்டியது. நம் வ.உ.சி.யோ வெள்ளைக்காரரின் கப்பல் ஆதிக்கத்தை எதிர்த்து, 1906-ம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓட்டினார். எழுத்து ஒன்று, நோக்கம் வேறு!

கை மாறிய கோட்டை

இங்கே முதலில் அரண் அமைத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1640-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். கருங்கல்லும் பவளப் பாறைக் கல்லும் கொண்டு பெரிய மதிலை எழுப்பினார்கள். 1796-ல் அது ஆங்கிலேயர் வசம் போனது.

மதிலின் மேலேயே நடந்து போகலாம். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் ஓட்டு வீடுகள். தென்கிழக்கு மூலையில் வெள்ளை நிறக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. இது 1939-ல் கட்டப்பட்டது. உயரம் சுமார் 87 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. விளக்கத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

கடல் பொங்கிய நாள்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. மதிலுக்கு வெளியே இருந்த பஸ் நிலையத்திலும் கடைத்தெருவிலும் கடல் புகுந்தது. கிரிக்கெட் மைதானம் பாழானது. காலி ஜில்லாவில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஆனால், கோட்டைக்குள் இருந்த ஊர் பெருமளவு தப்பியது.

பீரங்கிக் குண்டைத் தடுக்கக் கட்டிய மதில், கடல் அலையைத் தடுத்தது! கட்டியவர்கள் தங்கள் லாபத்துக்காகக் கட்டினார்கள். அவர்கள் போய்விட்டார்கள். மதில் ஊராருக்குக் காவலாக நின்றது.

சாக்கடை மேல் கிடந்த தமிழ்

மதில் எழும்புவதற்கு முன்பே காலி பெரிய துறைமுகம். அதற்குச் சாட்சி ஒரு கல். 1911-ம் ஆண்டில் காலி நகரில் சாக்கடைப் பாலத்தின் மூடுகல்லாக அது கிடந்தது. எடுத்துப் பார்த்தால், சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுத்து!

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டு வந்த கல் அது. அதில் உள்ள ஆண்டு 1409. சீன எழுத்து புத்தரைப் போற்றுகிறது. பாரசீக எழுத்து அல்லாவைப் போற்றுகிறது. தமிழ் எழுத்து, தெனவரை நாயனார் என்ற பெயரில் திருமாலைப் போற்றுகிறது. வடபத்ரசாயியை வணங்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைக் கேட்க மனம் குளிரும் அல்லவா? மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கை!

ஆனால், காணிக்கை கொடுத்த கையில் வாளும் இருந்தது. 1411-ல் அதே செங் ஹே இலங்கையில் போரிட்டு, அங்கே ஆண்ட அழகேசுவரனைச் சீனாவுக்குச் சிறை பிடித்துப் போனார். அந்தத் திருமால் கோவிலும் நிலைக்கவில்லை. மாத்தறைக்குக் கிழக்கே, இன்று தெவிநுவர எனப்படும் ஊரில் இருந்த அதை 1588-ல் போர்ச்சுகீசியர்கள் இடித்தார்கள். இப்போதும் அந்த ஊரில் விஷ்ணுவுக்கு வழிபாடு நடக்கிறது.

அந்தக் கல்லைக் காலியில் தேடினால் கிடைக்காது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மதிலைப் பார்க்க எல்லாரும் போகிறார்கள். கப்பல் கொழும்பிலும் நின்றால், தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கல்லையும் ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டும்.