ஆபரேஷன் முடிந்தும் மூச்சு வரவில்லை! ஒரே ஒரு எழுத்து செய்த வினை

ஸ்ரீவில்லிபுத்தூர்,

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டுவிட்டு ஆபரேஷனுக்குக் கிளம்புகிறவர்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. "எங்க பெரியப்பாவுக்கு மயக்க ஊசி போட்டப்போ ரொம்ப நேரம் மூச்சே திரும்பலைங்க!" வீட்டில் அப்படி நடந்திருந்தால் மறைக்கக் கூடாது. அந்த ஒரு வரி உயிரைக் காப்பாற்றும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மயக்கம் கொடுக்கும்போது, தொண்டையில் குழாய் விடுவதற்காகத் தசைகளைத் தளரச் செய்யும் ஊசி ஒன்று உண்டு. "ஸ்கோலின்" என்பார்கள். போட்டதும் மூச்சுத் தசை உள்பட எல்லாம் ஓய்ந்துவிடும். டாக்டரே செயற்கையாக மூச்சு கொடுப்பார். சில நிமிடங்களில் மருந்து முறிந்து, மூச்சு தானாகத் திரும்பும்.

சிலருக்கு மட்டும் திரும்பாது. மணிக்கணக்கில் அசைவின்றிக் கிடப்பார்கள். வெளியே உறவினர்கள் பதறுவார்கள்.

307-வது மணி

மருந்தை முறிப்பது ரத்தத்தில் ஓடும் ஒரு புரதம். பெயர் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ். கல்லீரலில் தயாராகிறது. 574 மணிகள் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாலை முறைப்படி மடிந்து சுருண்டால்தான் நடுவில் ஒரு குழி உண்டாகும். மருந்து அந்தக் குழியில் விழுந்துதான் உடைகிறது.

எந்த மணிக்குப் பின் எந்த மணி என்பது மரபணுவில் எழுதியிருக்கிறது. அதில் ஓர் எழுத்து பிசகினால், 307-வது இடத்தில் லியூசின் என்ற மணிக்குப் பதில் புரோலின் வந்து உட்காருகிறது. புரோலின் வளைந்து கொடுக்காத மணி. ராஜபாளையம் மில்லில் ஒரு முடிச்சு விழுந்து நூல் ஓட்டம் கெடுவது போல, மாலையின் மடிப்பு கெடுகிறது. உருவம் போனது, வேலையும் போனது!

கோவையில் தெரிந்தது

இந்தப் புரதக் குறையை 1950-களிலேயே கனடாவில் வெர்னர் காலோ ஆராய்ந்தார். 307-வது மணியின் கதை நம் கோவையில் வெளிப்பட்டது. பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இந்துமதி மனோகரன், பூபதி ஆகியோர் வெளிநாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 2006-ல் இதை வெளியிட்டார்கள். கோவை ஆரிய வைசிய சமூகத்தில் சுமார் 24 பேரில் ஒருவருக்கு இந்தப் புரதம் வேலை செய்யவில்லை. ஐரோப்பாவில் லட்சத்தில் ஒருவருக்குத்தான் அப்படி!

இது நோய் அல்ல. இவர்கள் மற்றவர்களைப் போல் திடகாத்திரமாக இருப்பவர்கள். குறிப்பிட்ட ஊசி போடும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. வேறு வகைப் பிசகுகள் மற்ற சமூகங்களிலும் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிசகு வந்தால்தான் புரதம் அடியோடு செயலிழக்கும். சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்தால் அந்த வாய்ப்பு கூடும்.

என்ன செய்வது?

பயப்பட வேண்டாம். குழாயை எடுக்காமல், மயக்கத்தைத் தெளியவிடாமல், மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால் நோயாளி முழுசாக எழுந்துவிடுவார். அவசரப்பட்டுக் குழாயை எடுப்பதுதான் ஆபத்து.

முன்கூட்டியே ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். தெரிந்துவிட்டால் டாக்டர் வேறு மருந்து போடுவார். ஒருவருக்கு இருந்தால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாருமே சோதித்துக்கொள்வது நல்லது. அந்தச் சீட்டை ரேஷன் கார்டு போலப் பத்திரமாக வைத்திருந்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும்.